மொழி எனும் அமானிதம்
(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவனவாக!



நாவைப் பேணுவது குறித்து இம்மிம்பரிலிருந்து நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். பொய், புறம், கோள் ஆகியவற்றின் தீங்குகளை நாம் அறிவோம். ஆனால், அந்த நாவுக்குப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சிந்திப்பவர் நம்மில் குறைவு. மூச்சைப் போல மொழியும் எப்போதும் நம்மோடு இருப்பதால், அதனை ஓர் அருட்கொடையாக எண்ணிப் பார்க்க நாம் மறந்து விடுகிறோம்.

இன்று இரண்டு கேள்விகளை எடுத்துக் கொள்வோம். மனிதனுக்கு மொழி எங்கிருந்து வந்தது? ஒரு குழந்தைக்கு அது எவ்வாறு வந்து சேர்கிறது? இவ்விரண்டுக்கும் விடை தேடிச் செல்லும்போது, மூன்றாவது கேள்வி ஒன்று நம்மை நோக்கித் திரும்பும். இந்த அருட்கொடை நம் வீட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் சென்று சேர நாம் வழிவிட்டிருக்கிறோமா என்பதே அது.

முதல் மனிதரின் முதல் பாடம்

ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துரைக்கும் அல்பகரா அத்தியாயம், 31ஆம் வசனத்தில், அல்லாஹ் அவர்களுக்குப் பெயர்கள் அனைத்தையும் கற்பித்ததாகக் கூறுகிறது. அப்பெயர்களை அறிவிக்குமாறு வானவர்களிடம் கேட்கப்பட்டபோது, நீ கற்பித்ததைத் தவிர எங்களுக்கு வேறு அறிவில்லை என்று அவர்கள் பணிந்து நின்றார்கள். ஆதம் (அலை) அவர்களோ அவற்றை எடுத்துரைத்தார்கள். மனிதனின் சிறப்பு வெளிப்பட்ட முதல் நிகழ்ச்சியே மொழியோடு தொடர்புடையதாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

அவை எந்தப் பெயர்கள்? ஒவ்வொரு பொருளின் பெயரும், கிண்ணம், சிறு கிண்ணம் வரை கற்பிக்கப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் தஃப்ஸீர் நூல்களில் பதிவாகியுள்ளது. அடுக்களையில் புழங்கும் பாத்திரத்தின் பெயர்கூட இறைவன் அளித்த கல்வியின் ஒரு பகுதியே என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்திலும், மனிதனைப் படைத்ததைக் கூறியவுடன் அவனுக்கு விளக்கும் ஆற்றலைக் கற்பித்ததையே அல்லாஹ் நினைவூட்டுகிறான்.

இவ்வசனங்களை முன்வைத்து நம் முன்னோர்களான அறிஞர்கள் ஆழமான விவாதம் நடத்தியிருக்கிறார்கள். சொற்கள் அனைத்தும் இறைவனால் நேரடியாக அறிவிக்கப்பட்டவை என்றார் ஒரு சாரார். இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ அவர்களும், ஹிஜ்ரி 395இல் மறைந்த மொழி அறிஞர் இப்னு பாரிஸ் அவர்களும் இக்கருத்துடையோர். மனிதர்கள் தங்களுக்குள் உடன்பட்டு ஏற்படுத்திக் கொண்டவையே சொற்கள் என்றார் மற்றொரு சாரார். ஹிஜ்ரி 392இல் மறைந்த இப்னு ஜின்னீ அவர்கள் தமது நூலில் இரு தரப்பையும் எடை போட்டுப் பார்க்கிறார்கள். காற்றின் ஒலி, இடியின் முழக்கம், நீரின் சலசலப்பு ஆகியவற்றைக் கேட்டே முதற்சொற்கள் தோன்றியிருக்கலாம் என்னும் கருத்தையும் எடுத்துக் கூறுகிறார்கள். பெயர்களைக் கற்பித்தான் என்பதற்கு, பெயர் சூட்டும் ஆற்றலை அளித்தான் எனவும் பொருள் கொள்ள இடமுண்டு என்பது இவ்விவாதத்தில் எழுந்த ஒரு விளக்கம்.

இரு சாராருக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. சொற்கள் எவ்வழியில் வந்திருப்பினும், சொல்லை ஏற்கவும் ஆக்கவும் தகுந்த உள்ளத்தை மனிதனுக்குக் கொடுத்தவன் அல்லாஹ்வே என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இன்றைய ஆய்வாளர்களும் மொழியின் முதல் தோற்றத்தைப் பற்றி அடக்கத்துடனேயே பேசுகிறார்கள். எலும்பும் கல்லும் மண்ணில் புதைந்து எஞ்சுகின்றன, பேச்சு எஞ்சுவதில்லை. எழுத்தின் வயதோ சுமார் 5,000 ஆண்டுகள் மட்டுமே. இதன் காரணமாகவே 1866ஆம் ஆண்டில் பாரிஸ் மொழியியல் கழகம், மொழியின் தோற்றம் குறித்த கட்டுரைகளை ஏற்பதில்லை என்று தன் விதிகளிலேயே எழுதி வைத்தது. முதல் சொல்லை நம்மால் தோண்டி எடுக்க இயலாது. ஆனால், ஒவ்வொரு தொட்டிலிலும் மொழி புதிதாக மலர்வதை நம்மால் காண இயலும்.

ஊமை மாளிகை

சகோதரர்களே! யாரும் கற்பிக்காமலேயே குழந்தை ஏதேனும் ஒரு மொழியைப் பேசிவிடுமா? மன்னர்கள் சிலர் இக்கேள்விக்கு விபரீதமான முறையில் விடை தேடினார்கள். எகிப்தின் அரசர் ஒருவர் இரண்டு குழந்தைகளை ஆட்டிடையன் ஒருவனிடம் ஒப்படைத்து, அவர்கள் காதில் எந்தச் சொல்லும் விழாமல் வளர்க்கச் செய்ததாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1580ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் முகலாயப் பேரரசர் அக்பர், கைக்குழந்தைகள் பலரைத் தனி மாளிகை ஒன்றில் வைத்து, அவர்களிடம் எவரும் ஒரு சொல்கூடப் பேசலாகாது என்று கட்டளையிட்டார். அம்மாளிகை 'குங் மஹால்', அதாவது ஊமை மாளிகை எனப்பட்டது. 1582ஆம் ஆண்டில் அரசர் அங்கே சென்றபோது பேச்சென்று எதுவும் கேட்கவில்லை, ஊமையரின் ஒலிகளே எழுந்தன என்று அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். சுமார் இருபது குழந்தைகள் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஊமையராகவே வெளிவந்ததாக அதே காலத்து வரலாற்றாசிரியர் பதாயூனீ குறிப்பிடுகிறார்.

அக்குழந்தைகளுக்கு நாவும் இருந்தது, செவியும் இருந்தது. உணவும் உடையும் குறைவின்றிக் கிடைத்தன. ஆனால், பேசுவதற்கு மனிதர் இல்லை. எனவே, மொழி மலரவில்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? விதை இறைவனுடையது, நீர் வார்க்கும் பொறுப்பு மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

தாய்மடியில் தொடங்கும் கல்வி

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 78ஆம் வசனத்தில், நாம் எதையும் அறியாதவர்களாக அன்னையரின் வயிற்றிலிருந்து வெளிக் கொணரப்பட்டதையும், செவியும் பார்வைகளும் உள்ளங்களும் நமக்கு அளிக்கப்பட்டதையும் அல்லாஹ் கூறுகிறான். அங்கே செவி முதலில் கூறப்பட்டிருக்கிறது. கருவில் வளரும் குழந்தையும் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னரே ஒலிகளைக் கேட்கத் தொடங்கி விடுகிறது. 1980ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், பிறந்து மூன்று நாள்கூட நிறையாத பச்சிளங்குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விரும்பியது தெரிய வந்தது. குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்லும் வழக்கம் நம்மில் பலருடைய இல்லங்களில் உண்டு. அச்செவி உலகத்தின் ஒலிகளுக்காகக் காத்திருக்கும் செவியே ஆகும்.

அதன் பின் நடப்பது இன்னும் வியப்பானது. நாம் 'த' என்றும் 'ட' என்றும் வேறுபடுத்தும் ஒலிகளைப் போன்ற இரண்டு ஒலிகள் இந்தி மொழியிலும் உள்ளன. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால், ஆங்கிலம் பேசும் குடும்பத்தில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்ந்ததையும், பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அத்திறன் மங்கிப் போனதையும் கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும் 1984ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எந்த மொழிக்கும் ஆயத்தமான செவியுடன் குழந்தை பிறக்கிறது. தன்னைச் சுற்றிலும் கேட்கும் மொழிக்கு ஏற்ப அச்செவி ஓராண்டுக்குள் தன்னை அமைத்துக் கொள்கிறது.

மொழி இரத்தத்தின் வழியாக வருவதில்லை என்பதற்கு நம் வரலாறே சான்று. அரபு இலக்கணத்தின் பெரும் நூலை இயற்றிய ஸீபவைஹி அவர்கள் பாரசீகர். முன்னர்க் குறிப்பிட்ட இப்னு ஜின்னீ அவர்கள் கிரேக்க அடிமை ஒருவரின் புதல்வர். பாலைவனத்துத் தூய காற்றும் தெளிந்த அரபும் கிடைக்க வேண்டுமென்று குறைஷியர் தம் குழந்தைகளைக் கிராமத்துச் செவிலியரிடம் அனுப்புவது வழக்கம். நம் நாயகம் (ஸல்) அவர்களும் ஹலீமா நாயகியிடம் பனூ ஸஃது கூட்டத்தாரிடையே வளர்ந்தார்கள். குழந்தை தான் வாழும் சூழலிலிருந்தே மொழியைப் பெறுகிறது என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் குழந்தைகளோடு பேசிய முறையைப் பாருங்கள். அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்து வந்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றி, அச்சிறுவரின் பெயரோடு ஓசை இயைபுறும்படி அவரிடம் விளையாட்டாக விசாரித்தார்கள். அபிஸீனியாவிலிருந்து திரும்பிய சிறுமி உம்மு காலித் அவர்களுக்கு ஆடை ஒன்றை அணிவித்து, அழகு என்னும் பொருள் தரும் அபிஸீனியச் சொல்லையே கூறி மகிழ்வித்தார்கள். இச்செய்திகள் ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளன. ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் பெரும் பொறுப்புக்கிடையில், ஒரு சிறுமிக்காக அவள் வளர்ந்த நாட்டின் சொல்லைத் தேடி எடுத்த அந்தக் கருணையை என்னென்பது!

நம் வீடுகளில் இன்று நடப்பது என்ன? குழந்தை அழுதால் கையில் செல்போனைக் கொடுத்து விடுகிறோம். அது தானாகவே சொற்களைக் கற்றுக் கொள்ளும் என்று எண்ணுகிறோம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பேட்ரீஷியா கூல் என்பவரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நம் கண்களைத் திறக்க வேண்டும். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகளில் படித்தும் விளையாடியும் பேசினார்கள். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே மனிதர்கள், அதே பேச்சு திரையில் காட்டப்பட்டபோதோ குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. முகத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்து பேசும் பேச்சே அவ்வயதுக் குழந்தைக்கு மொழியாகிறது.

ஓசையின்றிப் பிறந்த மொழி

அன்புச் சகோதரர்களே! இதுவரை செவியைப் பற்றிப் பேசினோம். செவி கேளாமல் பிறக்கும் குழந்தையின் நிலை என்ன? மொழி என்னும் வாயில் அதற்கு மூடப்பட்டு விட்டதா?

நகப் என்றும் நெகேவ் என்றும் அழைக்கப்படும் பாலைவனத்தில், இஸ்ரேல் நாட்டின் எல்லைக்குள், அல்ஸையித் என்னும் பதூயின் முஸ்லிம்களின் ஊர் ஒன்று உள்ளது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் உருவான சமூகம் அது. நெருங்கிய உறவுக்குள்ளேயே திருமணங்கள் நடந்து வந்த அச்சமூகத்தில், 1930களையொட்டி ஒரே குடும்பத்தில் காது கேளாத குழந்தைகள் நால்வர் பிறந்தனர். பின்னர் பிற குடும்பங்களிலும் அத்தகைய குழந்தைகள் பிறந்தனர். 2005ஆம் ஆண்டில் ஆய்வு வெளியானபோது, சுமார் 3,500 பேரில் ஏறத்தாழ 150 பேர் செவி கேளாதோராக இருந்தனர்.

அம்மக்கள் என்ன செய்தார்கள்? அக்குழந்தைகளை மறைத்து வைக்கவில்லை. கைகளால் பேசத் தொடங்கினார்கள். தாயும் தந்தையும், அண்டை வீட்டாரும், காது கேட்கும் பிள்ளைகளும் அச்சைகைகளைக் கற்றார்கள். காது கேளாதோர் காது கேட்போரை மணந்து இல்லறம் நடத்தினார்கள். தலைமுறை மாறியபோது அது முழுமையான ஒரு மொழியாக வளர்ந்திருந்தது. மொழியியல் அறிஞர்கள் அதனை ஆராய்ந்தபோது, அதற்கென்று தனி இலக்கண ஒழுங்கு இருப்பதைக் கண்டார்கள். சுற்றிலும் பேசப்படும் அரபியிலும் எபிரேயத்திலும் வினைச்சொல் பொதுவாகச் செயப்படுபொருளுக்கு முன் வருகிறது. அல்ஸையித் சைகை மொழியிலோ எழுவாய், செயப்படுபொருள் ஆகியவற்றுக்குப் பின் வினை இறுதியில் வருகிறது. நம் தமிழில் வருவது போலவே! அண்டை மொழிகளிலிருந்து இரவல் பெறாத ஒழுங்கு அது.

மத்திய அமெரிக்காவின் நிகராகுவா நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தலைநகர் மனாகுவாவில் செவி கேளாத குழந்தைகள் முதன்முறையாகப் பள்ளிகளில் ஒன்று சேர்க்கப்பட்டார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைக் கொண்டு ஸ்பானிய மொழியைக் கற்பிக்க முயன்றார்கள். அது பெரிதும் பயனளிக்கவில்லை. ஆனால், விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் குழந்தைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக் கொண்டார்கள். பின்னர் வந்த இளங்குழந்தைகள் அதனைச் செம்மையான மொழியாக்கி விட்டார்கள்.

ஊமை மாளிகையை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே செவி இருந்தும், உரையாட முன்வரும் மனிதர் இல்லாததால் மொழி இல்லை. இங்கே செவி இல்லாவிடினும், ஒருவரோடொருவர் கலந்து வாழ வழி இருந்ததால் மொழி பிறந்தது. ஆதமின் மக்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆற்றல் செவியிலும் நாவிலும் மட்டும் அடங்கியதன்று. அது உள்ளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நாவின் வழி அடைபட்டால் கையின் வழியாக அது வெளிவரும். சுப்ஹானல்லாஹ்!

சைகையும் பேச்சே

சைகையை இழிவாகக் கருதுவோர் திருமறையைச் சிந்திக்கட்டும். ஜகரிய்யா (அலை) அவர்கள் மக்களோடு பேசாதிருந்த நாட்களில், காலையிலும் மாலையிலும் இறைவனைத் துதிக்குமாறு தம் சமூகத்தாருக்குச் சைகையாலேயே உணர்த்தினார்கள். மர்யம் (அலை) அவர்கள் தம் மீது பழி கூறியோருக்கு வாய் திறந்து விடையளிக்காமல் மழலையின் பக்கம் சுட்டிக் காட்டினார்கள்.

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இதனைச் சட்டமாகவே வகுத்தார்கள். வாய் பேச இயலாதவரின் புரிந்து கொள்ளத்தக்க சைகை, நாவால் மொழிந்ததற்குச் சமம். அவருடைய கொடுக்கல் வாங்கலும் திருமண ஒப்புதலும் அச்சைகையால் நிறைவேறும். 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டநூலின் 70ஆவது விதி இதுவே. அதற்கும் முன்னர், 16, 17ஆம் நூற்றாண்டுகளில், உதுமானிய அரண்மனையில் செவி கேளாத பணியாளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய சைகை மொழியை அரண்மனையில் இருந்த மற்றவர்களும் கற்றுப் பயன்படுத்தினார்கள்.

காலம் தவறலாமா?

இறைவிசுவாசிகளே! இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

செவி கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். எனவே, எந்த வீட்டுக்கும் இந்தச் சோதனை வரலாம். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் வரை இக்குறையுடன் பிறப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நெருங்கிய இரத்த உறவில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் திருமணங்களில் இதன் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய குடும்பத்தினர் மருத்துவரின் ஆலோசனையை முன்கூட்டியே பெறுவது அறிவுடைமை.

மொழியின் வாயில் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. அமெரிக்கச் சைகை மொழியைப் பிறந்தது முதல் கற்றவர்கள், நான்கு முதல் ஆறு வயதில் கற்றவர்கள், பன்னிரண்டு வயதுக்குப் பின் கற்றவர்கள் என மூன்று சாராரை எலிஸா நியூபோர்ட் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டு, 1990ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். முப்பதாண்டுகள் பயன்படுத்திய பின்னரும், காலம் கடந்து கற்றவர்களின் இலக்கணத்தில் குறை எஞ்சியிருந்தது. பள்ளியில் சேர்த்த பிறகு பார்த்துக் கொள்ளலாம், வயது வந்தால் தானாகப் பேசும் என்று தள்ளிப் போடுவது அக்குழந்தைக்குச் செய்யும் அநீதி.

ஆகவே, சில கடமைகளை நினைவூட்டுகிறேன். பிறந்த குழந்தையின் கேட்கும் திறனை ஒரு மாதத்திற்குள் பரிசோதித்து விடுங்கள். காதில் சிறு கருவியை வைத்து, குழந்தை உறங்கும்போதே வலியின்றிச் சில நிமிடங்களில் செய்யும் பரிசோதனை அது. ஐயம் எழுந்தால் மூன்று மாதங்களுக்குள் உறுதி செய்து, ஆறு மாதங்களுக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் வழிகாட்டுதல். காது கேட்கும் கருவியோ, காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சையோ எதுவாயினும் மருத்துவர் கூறுவதைக் காலந்தாழ்த்தாமல் செய்யுங்கள். அத்துடன், வீட்டிலுள்ள அனைவரும் சைகை மொழியைக் கற்றுக் கொள்ளுங்கள். தாய் மட்டும் கற்றால் போதாது. தந்தையும் பாட்டனாரும் உடன்பிறந்தோரும் பேசாத வீடு, அக்குழந்தைக்கு இன்னொரு ஊமை மாளிகையே.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்காக ஓர் அத்தியாயமே இறங்கியது. அவர்கள் பாங்கு சொல்பவராக உயர்ந்தார்கள். அத்தகைய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், செவி கேளாத பிள்ளைக்குத் திருமணச் சபையிலும் மத்ரஸாவிலும் இடமில்லாமல் செய்யலாமா? ஜும்ஆவுக்கு வந்து, ஒரு சொல்லும் விளங்காமல், இமாமின் உதட்டையே பார்த்துவிட்டுத் திரும்பும் இளைஞர் எத்தனை பேர்! நபிமார்கள் ஒவ்வொருவரும் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்று இப்ராஹீம் அத்தியாயம் கூறுகிறது. மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். செவி கேளாதோருக்கு விளங்கும் மொழி சைகை மொழி. ஜமாஅத் நிர்வாகிகள் குத்பாவைச் சைகையில் எடுத்துரைக்க ஒருவரை ஏற்பாடு செய்வார்களேயானால், இறைச்செய்தியை எத்திவைக்கும் கடமையில் விடுபட்ட ஒரு பகுதி நிறைவேறும்.

காது கேட்கும் குழந்தைகளின் உரிமையையும் மறவாதீர்கள். நாளொன்றுக்குச் சிறிது நேரமேனும் செல்போனை ஒதுக்கி வைத்துவிட்டு, குழந்தையை மடியில் இருத்தி, அடுக்களைக் கிண்ணத்தையும் முற்றத்துப் பறவையையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். ஆதம் (அலை) அவர்களுக்குத் தொடங்கிய அந்தப் பாடத்தை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் ஆசிரியர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியிருக்கிறான். நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். நம் பொறுப்பைப் பற்றி நாளை விசாரிக்கப்படுவோம்.

யா அல்லாஹ்! எங்களுக்குச் செவியையும் நாவையும் உள்ளத்தையும் தந்தவனே! அவற்றின் நன்றியைச் செலுத்தும் பேற்றினை எங்களுக்கு அருள்வாயாக! எங்கள் நாவுகளைத் தீமையிலிருந்து காப்பாயாக! செவி கேளாத எங்கள் பிள்ளைகளின் கைகளைப் புரிந்து கொள்ளும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! எந்தக் குழந்தையும் எங்கள் அலட்சியத்தால் மொழியின்றி வளரும் நிலையிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.